இரண்டு அங்குலம் அமுக்க வேண்டும்

என் தம்பி மனைவியை நான் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவேன். கிண்டலுக்கு ஆரம்பித்தது, அதுவே நிலைத்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றும் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒருமுறை அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் கத்தரிக்கோலைவிடக் கொஞ்சம்தான் நீளமாக ஒரு பிள்ளை. நூல்போன்ற அதன் நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் தையற்காரி, ஊசியோடு பிழைப்பவள். எனக்கே கை கூசியது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். லிஃப்ட் பழுதுபார்க்கும் தம்பி, நர்ஸம்மா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள், கல்யாணம் என்ற வலையில் மாட்டாமல் தப்பித்த நான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளைக் கேட்டது. அதே பச்சைக்குழந்தைப் பிரிவு. அங்கே ஒரு நர்ஸுக்கு இரண்டு குழந்தைகள்தானாம். இங்கே அவள் தலையில் ஏழு பெட்டி. ஒன்றில் மணி அடிக்கிறதே என்று ஓடினால் இன்னொன்றிலும் அடிக்கும்.

"ரெண்டே ரெண்டு குழந்தைன்னா ஒண்ணுகூட என் கைய விட்டுப் போகாது அண்ணி" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு போகாதே என்று எப்படிச் சொல்வது? ஆனால் மகளையும் தம்பியையும் இங்கே விட்டுவிட்டு அவள் மட்டும் போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேச எனக்கு வராது.

போவது என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா? அந்த நாட்டு நர்ஸுகளின் பதிவில் பெயர் ஏறினால்தான் நோயாளியைத் தொட விடுவார்கள். படித்ததற்குச் சான்று, இங்கே பதிந்ததற்குச் சான்று, பிறகு ஆங்கிலப் பரீட்சை, கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. வேலை பார்த்த அனுபவத்துக்கு ஒரு கடிதம் வாங்க அவள் பட்டது நாய் படாத பாடு. பெரிய டாக்டர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். முத்திரை வைக்கிற ஆள் லீவு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இத்தனையும் தாண்டி வந்தவளைக் கடைசியில் செய்முறைத் தேர்வு பிடித்துக்கொண்டது.

அந்தப் பதிவில் பச்சைக்குழந்தை நர்ஸுக்கென்று தனி வாசல் கிடையாது. யாராக இருந்தாலும் பெரியவர்களைக் கவனிக்கத் தெரியும் என்று காட்டித்தான் உள்ளே போக வேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தைச் சட்டை தைப்பவளைக் கூடாரம் தைத்துக் காட்டச் சொன்னால் எப்படி? அவளுக்குக் கோபமே வராது. "சட்டம்னா சட்டம் அண்ணி" என்று சொல்லிவிட்டு வெளியூரிலிருந்த தேர்வு மையத்துக்குக் கிளம்பினாள்.

தோற்றுத் திரும்பினாள். ஆனைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் இவள் சறுக்கிய அழகு தனி. நோயாளியாக நடிக்க ஒரு வயசாளியைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்களாம். அவர் பெயரைக் கேட்டு, மணிக்கட்டில் கட்டிய பட்டையோடு சரிபார்க்க வேண்டும். இவள் போர்வையைத் தூக்கிக் காலில் பட்டையைத் தேடியிருக்கிறாள். இவள் பிள்ளைகளுக்குப் பட்டை காலில்தான். அது போதாதென்று, "உங்க அம்மா பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் பெயர் வைக்காத பிள்ளைகளை அம்மா பெயரை வைத்துத்தானே கண்டுபிடிப்பார்கள்! பாவம் அந்த மனுஷன், மரியாதையாகப் பதில் சொன்னாராம். நானும் தம்பியும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அடுத்ததைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மூச்சும் துடிப்பும் நின்றுபோன ஆளின் நெஞ்சை அமுக்கிப் பிழைக்க வைக்க வேண்டும். அதற்கு ரப்பர் பொம்மை. உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து இரண்டு அங்குல ஆழத்துக்கு அமுக்கினால் பச்சை விளக்கு எரியும். இவளுக்கு எரியவே இல்லை. இத்தனை வருஷமாக இரண்டு கட்டைவிரல்களால் மட்டுமே நெஞ்சை அமுக்கிப் பழகிய கை அது. கொஞ்சம் கூடினால் எலும்பு தாங்காது என்று பயந்து பயந்து பழகிய கை. மூளை அமுக்கு என்றதாம், கை கேட்கவில்லையாம்.

இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடுவார்கள். அதிலும் தோற்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்காது.

நான் சும்மா இருப்பேனா? கெட்டியான கித்தான் துணியில் மனுஷ நெஞ்சு அளவுக்கு ஒரு பை தைத்து, என் தையல் கடையில் கிடந்த வெட்டுத்துணியெல்லாம் திணித்து இறுக்கிக் கொடுத்தேன். தம்பி அதற்கு மீசை வரைந்தான். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அவள் அதோடு மல்லுக்கட்டுவாள். மற்ற பாடங்களுக்கு நான்தான் நோயாளி. சோபாவில் படுத்துக்கொள்வேன்.

"உங்க முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்கம்மா."

"பேரு வேணா சொல்றேன். தேதியெல்லாம் சொல்ல மாட்டேன்."

"அண்ணி, விளையாடாதீங்க."

அதெல்லாம் சீக்கிரம் படிந்துவிட்டது. அமுக்குவதுதான் வரவில்லை. "அமுக்கச் சொன்னா தடவிக் கொடுக்கிறியேடி!" என்று கத்துவேன். கொஞ்ச நேரம் ஆழமாக இறங்கும், பிறகு கை தானாகவே லேசாகிவிடும். ஒருநாள் அந்தப் பையின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள்.

"என் கை எனக்கே அடங்க மாட்டேங்குது அண்ணி. இந்தக் கைய வச்சுத்தானே அத்தனை குழந்தைகளயும் காப்பாத்தினேன்?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இரண்டாம் தடவை தம்பியும் கூடப் போனான். அன்று கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்து வைத்தேன். திரும்பி வந்த அதே வாரம் முடிவும் வந்தது. தேறிவிட்டாள். கடைசி வரைக்கும் பச்சை விளக்கு அணையவே இல்லையாம், வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இங்க இத்தனை நாள் வராதது அங்க மட்டும் எப்படிடி வந்துச்சு?"

"அங்கயும் மொதல்ல வரல அண்ணி. கை நிக்கப் பாத்துச்சு. அப்புறம், கீழ கெடக்கிறது நீங்கதான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அடிப்பாவி! அத்தனை கோபமா என்மேல?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளறையில் மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவள உங்ககிட்டதானே விட்டுட்டுப் போறேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஓடி வர்ற தூரமா அது? எலும்பு முறிஞ்சாலும் பரவாயில்ல, நீங்க எந்திரிச்சே ஆகணும்னு அமுக்குனேன்."

நான் வாயாடி என்று தெருவுக்கே தெரியும். அன்று அவள் கையிலிருந்த துணியை வாங்கி நான் மடிக்க ஆரம்பித்தேன். அழத்தான் வந்தது.