இரண்டு கவுதாரிகளும் நான்கு வரியும்

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் கிறிஸ்தோப்பர் அண்ணைக்குச் சோறு இறங்காது. பிரெஞ்சு பேசும் இந்தச் சென்ட் லோரன்டில் எங்கள் மேல்வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாகக் கோழித் தொழிற்சாலையில் வேலை. உயிர்க்கோழிகளைக் காலில் பிடித்துத் தலைகீழாகக் கொழுக்கியில் மாட்ட வேண்டும், நிமிடத்துக்கு இருபது.

போன மாதம் கோயில் மலிவு விற்பனையில் ஒரு பழைய பிரெஞ்சுப் படம் வாங்கி வந்தார். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது. ஆணியில் தொங்கும் இரண்டு செத்த கவுதாரிகள், கீழே நான்கு வரி.

"செத்த குருவியை ஆரும் வீட்டுக்குள்ள மாட்டுவினமே?" என்று பாய்ந்தார் அவர் மனைவி அக்னெஸ் அக்கா. "ஞாயிற்றுக்கிழமை செபமாலைக்குச் சனம் வருகுது. கழட்டுங்கோ."

"கோயில்ல வாங்கினது. நல்ல வசனமெண்டால் இருக்கட்டும். இல்லாட்டி நானே கழட்டுறன்."

அன்றிலிருந்து அந்த நான்கு வரிதான் அவருக்கு வேலை. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஒற்றைக் காலில கட்டினால் செட்டை இப்பிடித்தான் விரியும். கீறினவன் கிட்ட நிண்டு பாத்திருக்கிறான்." எனக்கு அவரைவிடப் பிரெஞ்சு குறைவு.

சனிக்கிழமை நானும் மேலே நிற்கையில் அவர் மகள் றொஷினி வந்தாள். இங்கேயே பிரெஞ்சில் படித்தவள். வாசித்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"குருவியள் நிம்மதியா நித்திரை கொள்ளுதாம், அப்பா."

அண்ணை குனிந்து மூன்றாம் வரியில் விரலை வைத்தார். "இந்தச் சொல்லு கை. வேலையில கை கழுவுற தொட்டிக்கு மேல எழுதியிருக்கிறதை ஒவ்வொரு நாளும் பாக்கிறன். கையை ஏன் பிள்ளை விட்டிட்டாய்?"

பிடிபட்டுப்போன றொஷினி மெல்லச் சொன்னாள்: "எங்களுக்காக அழாதே. எங்கள் காலைக் கட்டிய கைக்காக அழு." பிறகு, "உங்களுக்கு நோகுமெண்டுதான் அப்பா..."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. அண்ணை தன் வலக்கையை விரித்துப் பார்த்தார். இரண்டு விரல் நிமிரவில்லை.

"எப்ப கீறினது?"

"முந்நூறு வருசம் இருக்கும்."

"அப்பவே ஒருத்தன் இந்தக் கையை நினைச்சிருக்கிறான்," என்றார். முகமெல்லாம் ஆச்சரியம். "இஞ்ச இருபத்திரண்டு வருசமா ஒருத்தரும் கேக்கேல்லை."

குசினி வாசலில் நின்ற அக்னெஸ் அக்கா வந்து அவர் பக்கத்தில் இருந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

"எந்த விரலப்பா நோகுது?" என்று கேட்டார்.