பக்கத்துப் போர்ஷனில் வைத்த ஃப்ரிட்ஜ்

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்பக்கங்களில் அம்மாவைத் தெய்வம் என்றும் பொறுமையின் வடிவம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் பாதிப்பேர் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் வாசற்படியை மிதிக்காதவர்கள். இறந்தவரைப் புகழ்வதில் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. நான் அவருடைய ஒரே மகள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மா குடியாத்தத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். பத்தாவது வரை படித்தார். திருமணமாகி அப்பாவோடு ஹைதராபாத் வந்து, லோத்குண்டாவில் ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டிய சந்தில் ஒரு போர்ஷனில் குடியேறினார். அப்பா மெக்கானிக். நான் ஒன்பதாவது படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அம்மா பேகம்பேட்டில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாட்களில் உதவ வந்தவர்கள் யாரும் இல்லை. புத்தி சொல்ல வந்தவர்களுக்கு டீ போட்டே எங்கள் வீட்டுப் பால் தீர்ந்தது. பெண்ணை ஜவுளிக்கடையில் சேர்த்துவிடு என்றார்கள். அம்மா தலையாட்டிவிட்டு என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்.

பன்னிரண்டாவது முடித்து எனக்கு பி.பார்ம் சீட் கிடைத்தது. தனியார் கல்லூரி. குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும். உதவித்தொகை தேடி அம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு அலைந்தார். இங்குள்ள அலுவலகத்தில் எங்கள் சாதிச் சான்றிதழை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்த குமாஸ்தா, "இதி தமிழ்நாடு சர்டிபிகெட் அம்மா, இக்கட செல்லது" என்றார், தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாதாம். குடியாத்தம் போனோம். "பொண்ணு படிச்சதெல்லாம் ஆந்திராவுலயா? அங்கயே போய் கேளுங்க" என்றார்கள். ஆந்திரா இல்லை, தெலங்கானா என்று அம்மா திருத்தினார். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு இரண்டும் ஒன்றுதான், கொட்டாவி விட்டார். இணையதளங்கள் அதைவிட மோசம். ஒன்று முதல் பக்கத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கேட்டது, மூன்றாம் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது.

கடைசியாக மிஞ்சியது நம்மவர்கள் நடத்தும் கல்வி அறக்கட்டளை. பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தர எனக்கு விருப்பமில்லை. அதன் பொருளாளர் அம்மாவின் சொந்த அண்ணன், சைனிக்புரியில் மாடி வீடு கட்டியிருக்கும் என் பெரிய மாமா. மாமா இதைப் படிப்பார் என்று தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

ஒரு தெருவுக்கு ஒரு பிள்ளை என்பது அறக்கட்டளையின் விதி. இரண்டாவது விதி, வறுமையை நேரில் வந்து சரிபார்ப்பது. வருகிறவர்கள் அடுப்பங்கரை வரை வந்து பார்ப்பார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் அவர்கள் கணக்கில் அது ஏழை வீடு இல்லை. எங்களிடம் அப்பா வாங்கிய பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. மாமா முன்னாலேயே போன் செய்தார். "அதை எங்கயாவது தள்ளி வைம்மா. நல்ல புடவை எதுவும் கட்டிக்காத. கேட்ட கேள்விக்கு மெதுவா பதில் சொல்லு." அம்மா அப்போதே போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் சரசு அத்தை இருந்தார். உறவு இல்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். இரண்டு தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம், கணவர் ஆட்டோ ஓட்டினார். அவர் மகள் பவானி என்னோடு படித்தவள், என்னைவிட அதிக மார்க். ஃப்ரிட்ஜை ஒரு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று அம்மா கேட்டதும், "கைக்கு இவ்ளோ கேக்கறீங்க அக்கா, தள்ளிட்டு வாங்க" என்றார். இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தள்ளினோம்.

பவானிக்கும் அதே அறக்கட்டளையில் விண்ணப்பம் போட்டிருந்ததை அத்தை சொல்லவில்லை. எங்கள் விண்ணப்பத்தை நாங்கள் சொன்னதே அன்றுதான். அவர்கள் வீட்டு விசாரணை அடுத்த வாரம் என்று தகவல் வந்திருந்ததால் அத்தை பயப்படவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டைச் சரிபார்க்க வந்த மூன்று பெரியவர்களுக்கும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் யோசனை வந்தது. எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டு அப்படியே அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திரும்பத் தள்ளி வந்தபோது அத்தை வழக்கம் போலத்தான் பேசினார். பத்து நாள் கழித்து எனக்குக் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது.

இனிப்பு வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். மாமா சிரித்துச் சிரித்துக் கதை சொன்னார். "உங்க பக்கத்து வீட்டம்மா இருக்காங்களே, வீட்ல ஃப்ரிட்ஜாம். யாரோடதுன்னு கேட்டிருக்காங்க. எங்களுதுதான்னு சொல்லிச்சாம். ஃப்ரிட்ஜ் வச்சிக்கிட்டு தர்மம் கேக்க வந்திருக்கு."

அம்மா இனிப்புத் தட்டைக் கீழே வைத்தார். "அண்ணா, அது எங்களுது."

"தெரியாதா எனக்கு? ஒளிச்சு வைக்கச் சொன்னதே நான்தானே. தெருவுக்கு ஒண்ணுதான் குடுக்க முடியும். நம்ம பொண்ணா, அந்தப் பொண்ணா?"

"அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு? நான் போய் கமிட்டியில சொல்லிடறேன்."

"சொல்லு. நீ ஒளிச்சே, அவங்க பொய் சொன்னாங்க, ரெண்டு பேருக்கும் இல்லாம போகும்" என்று மாமா ஒரு லட்டை எடுத்துக் கடித்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். கட்டணம் கட்ட இன்னும் நாலு நாள்தான் இருந்தது. "அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அவர் எழுந்து என்னோடு வந்துவிட்டார்.

அறக்கட்டளை விழாவில் நன்கொடையாளர்களுக்கு ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். என் உயரத்துக்கு ஒரு அட்டைக் காசோலையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பிறகு வரிசையாகக் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தேன். அப்படித்தான் படித்தேன், இன்று மருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பவானி பகலில் சூப்பர் மார்க்கெட் கவுன்டரில் நின்று, மாலை வகுப்பில் பி.காம். படித்தாள். ஒரு வருடத்தில் அம்மா லோத்குண்டா வீட்டைக் காலி செய்தார். கிளினிக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி என்று எல்லோரிடமும் சொன்னார். அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போனார்.

அம்மாவின் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு உறவினர்கள் பழம் வாங்கி வந்து, தங்கள் பிள்ளைகளின் அமெரிக்க வேலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். சரசு அத்தை இரண்டு பஸ் மாறி கஞ்சி கொண்டு வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரசு, அன்னிக்கு…" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் இப்ப நக்கோ அக்கா, வேணாம், சூடா இருக்கறப்பவே குடிங்க" என்றார் அத்தை. அம்மா குடித்தார், அழுதுகொண்டே குடித்தார். மூன்றாம் நாள் இறந்தார்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என் நன்றி. கிளினிக்கிலிருந்து வந்து கடைசி வரை நின்ற பல் மருத்துவருக்கு நன்றி. மாமாவுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா பெயரில் அறக்கட்டளையில் ஒரு உதவித்தொகை வைக்கப்போவதாகச் சொல்லிவருகிறீர்கள். வைக்காதீர்கள். வைத்தால் அந்த மேடையிலேயே ஏறி இந்தக் கட்டுரையை உரக்கப் படிப்பேன்.

சரசு அத்தை, உங்களுக்கு நன்றி என்று எழுதி முடித்துவிட எனக்கு வெட்கமாக இருக்கிறது. பவானி, உனக்கு உதவித்தொகை ஏன் கிடைக்கவில்லை என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பணத்தில் படித்தது நான். என் அம்மா உண்மையைச் சொல்லக் கிளம்பினார், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான். திட்டுவதாக இருந்தால் அவரை விட்டுவிடு, என்னைத் திட்டு.