மந்திரி சொன்னதை நம்பியவர்

செல்வின் மெட்ஃபோர்த், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள விதர்ன்சீ ஊர்க்காரர். வாழ்நாளில் பெரும்பகுதி அவர் வேலை செய்தது கடலுக்குள் நிற்கும் இரும்பு மேடையில். கோடையில் எரிவாயுவைக் கடலடிப் பாறைக்குள் அழுத்தி இறக்குவார்கள். குளிர் வந்ததும் மேலே எடுத்துக் கரைக்கு அனுப்புவார்கள். கிணற்றுக் குழாய்கள் வயதாகித் துருவேறியதும் நிறுவனம் சேமிப்பை நிறுத்தியது. அப்போது அவர் பெரிதாகக் கலங்கவில்லை. எதற்கும் ஒரு முடிவு உண்டு என்று தோட்டத்தில் வெங்காயம் போட்டார்.

பிறகு கிழக்கே போர் மூண்டது. எரிவாயு விலை எகிறியது. ஒரு மந்திரி ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, இந்த மேடை நாட்டுக்கு வேண்டும் என்றார். தொழிற்சங்கத்துக்காரரான செல்வின் அதை அப்படியே நம்பிப் பழைய ஆட்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். மகள் ஜோலீனின் கணவன் ஷான், காற்றாலைப் பராமரிப்பில் நன்றாகக் காலூன்றியிருந்தான். அவனையும் விடவில்லை.

"காத்து நின்னா உன் வேலையும் நின்னுடும்டா. இது நாம சாகற வரைக்கும் ஓடும்."

"நெஜமாவா செல்வின்? அங்க விட்டுட்டு வந்தா திரும்பச் சேத்துக்க மாட்டாங்க."

"மந்திரியே வாய் தெறந்து சொல்லிட்டாரு. இன்னும் என்னப்பா வேணும்?"

ஷான் வந்தான். தேறிய சில கிணறுகளை வைத்து ஓட்டினார்கள். புதுக் குழாய் போட அரசு உத்தரவாதம் தரட்டும் என்றது நிறுவனம். தனியார் தொழிலுக்கு அரசு ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்றது லண்டன். இந்த இழுபறியில் மந்திரிகள் மாறினார்கள். துரு மட்டும் அதன் வேலையைப் பார்த்தது.

கடைசியில் மேடையை நிறுத்தப் போவதைச் சொல்ல ஊர் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். நிறுவனத்திலிருந்து வந்த அம்மாள், "இது மூடல் இல்லை, இடைநிறுத்தம்தான்" என்றாள்.

ஷான் எழுந்தான். "அடியில அழுத்தத்துக்குன்னு விட்டு வச்ச வாயுவையும் உறிஞ்சப் போறீங்க. அதுக்கப்புறம் எதைம்மா மறுபடி தெறப்பீங்க?"

"அது அரசாங்கம் எடுக்க வேண்டிய முடிவு."

பக்கத்திலிருந்த எம்.பி. அவசரமாக, "இல்லை, நிறுவனம்தான்" என்றார்.

"அப்ப முடிவெடுக்கறது யாரு, மேடையில எச்சம் போடற கடற்பறவையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். ஷான் சிரிக்கவில்லை. திரும்பி மாமனாரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனான்.

காற்றாலையில் இடம் இல்லை என்றார்கள். ஷானுக்கு நார்வேயில் ஒரு வேலை கிடைத்தது, குடும்பமே கிளம்பியது. பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டே ஜோலீன் சொன்னாள்: "அவருக்கு உங்க மேல கோவம்னு நெனைக்காதீங்கப்பா."

"அப்ப ஏம்மா எங்கிட்ட பேச மாட்டேங்கறான்?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

இடைநிறுத்தம் என்ற கிணறுகளை நிரந்தரமாக அடைக்கும் பணிக்குப் பழைய வால்வுகள் பழகிய ஆள் வேண்டும் என்று செல்வினைக் கேட்டார்கள். மறுக்கவில்லை, வீட்டில் உட்கார அவரால் முடியவில்லை. முதல் கிணற்றில் சிமெண்டுக் குழம்பை இறக்கினார்கள். அது இறுகிய பிறகு அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள், கசிவில்லை. அதிகாரி கைகுலுக்கினார். அந்த வழியாக இனி எதுவும் ஏறாது, இறங்காது.

அந்தக் குளிர்காலமும் எரிவாயு விலை ஏறியது. வேறொரு மந்திரி தொலைக்காட்சியில் சேமிப்பின் அவசியம் பற்றிப் பேசினார். செல்வின் அதை அணைத்துவிட்டு, மறுநாள் ஹெலிகாப்டருக்குப் பையை எடுத்து வைத்தார். அடைக்க இன்னும் கிணறுகள் இருந்தன.