போன் எழுதிய பதில் மனு

அன்று கோர்ட் அறையில் இருந்தவர்கள்: நீதிபதியம்மா, கேஸ் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் கிளார்க், பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி, எனக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ்காரர், அவருடைய வக்கீல், என் மனைவி, நான். எனக்கு வக்கீல் இல்லை.

மனைவியின் ஆபரேஷனுக்காக எண்பதாயிரம் வாங்கியிருந்தேன். திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய், கொஞ்சம் கொஞ்சமாக அறுபதாயிரத்தை ஃபைனான்ஸ்காரர் கையிலேயே கொடுத்தேன். ரசீது கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை வைத்து அவர் முழுத் தொகைக்கும் கேஸ் போட்டுவிட்டார்.

இலவச வக்கீல் தருவார்கள் என்றார்கள். அங்கே என்னென்ன கேட்பார்களோ என்று பயந்தே போகவில்லை. போனில் ஒரு ஆப் இருந்தது. நாம் பேசினால் போதும், கோர்ட்டுத் தமிழில் மனு எழுதித் தரும். "வாங்குனதை இல்லைங்கலை. அறுபதாயிரம் குடுத்துட்டேன். மிச்சத்துக்குத் தவணை வேணும்" என்றேன். இரண்டு பக்கம் வந்தது. எட்டாவதோடு நின்றவன் நான். அந்தத் தமிழில் விரல் வைக்கவே துணிச்சல் வரவில்லை. அப்படியே பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தேன்.

நீதிபதியம்மா அதைப் பார்த்தார். "அறுபதாயிரத்தை விரைவில் செலுத்திவிடுகிறேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இன்னும் கட்டலையா?"

"குடுத்துட்டேன்னுதாங்கம்மா சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"போன்கிட்டங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. "கட்டுனதுக்கு ரசீது, சாட்சி ஏதாவது?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். குடுத்துட்டேன் என்றது போனுக்குக் குடுத்துடுறேன் என்று கேட்டிருக்கிறது. இதை விளக்காமலே கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

வெளியே வந்ததும் ஃபைனான்ஸ்காரர், "என்ன மாப்ளே, ஒங்க போனு எங்க கட்சிக்கு வந்துருச்சே" என்றார்.

"எண்ணி வாங்குன கைதானே அண்ணே அது, கூசலையா?" என்றாள் என் மனைவி. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட விடிய விடியப் புலம்புறீகல்ல, அதை அந்தம்மாகிட்டப் புலம்பியிருக்கலாம்ல?"

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு வந்தது. அப்பீல் போகலாம் என்கிறார்கள். அதற்கும் மனு எழுத வேண்டுமே என்று இன்னும் போகவில்லை. என் கணக்கில் நான் தர வேண்டியது இருபதாயிரம். தீர்ப்பின்படி, வட்டியும் செலவும் சேர்த்து, ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.