கிடைக்குள் சொல்லாத சொல்

பசுவந்தனைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த நந்தகோபால், கிடைக்குள் நின்றுகொண்டு ஓர் ஆட்டின் வயிற்றைப் பற்றி 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. அவர் மட்டுமல்ல, அவர் வகையறாவில் யாருமே சொல்ல மாட்டார்கள். அடைத்த மூங்கில் படலுக்கு உள்ளே ஒரு வயிற்றைத் தொட்டு 'சினை இல்லை' என்று சொன்னால், அந்தச் சொல் மற்ற வயிறுகள் மேலும் விழுந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். யார் கேட்டாலும் உள்ளே ஆமாம் என்று சொல்லிவிட்டு, படலைத் தாண்டி வெளியே வந்துதான் உள்ளதைச் சொல்வார்கள். பத்து வருஷம் கம்பவுண்டராக மருந்து கலக்கிய எனக்கு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் திரிந்த எனக்கு, இது மட்டும் தெரியாமல் போயிற்று.

நான் வேலை பார்த்தது கோவில்பட்டியில் டாக்டர் சாமித்துரையின் நர்சிங் ஹோமில். வெளிநாட்டில் படித்துவிட்டு எண்பத்து மூன்றில் ஊர் திரும்பியவர். முன்பக்கம் பிரசவமும் குடலிறக்கமும் பார்த்தார். பின்பக்கம் தகரக் கொட்டகையில் வேறொன்று நடந்தது. ஒரு பெட்டை ஆட்டின் கர்ப்பப்பையை எடுத்து இன்னொன்றின் வயிற்றுக்குள் வைத்துத் தைப்பார். அதற்கு ஆடு கொடுத்தவர் நந்தகோபால். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். பேசினால் கேட்கிறவனுக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் டாக்டர் காயடித்த கிடா ஒன்றின் வயிற்றிலும் கர்ப்பப்பையை வைத்தார். "பொட்டைக்கு நின்னுட்டா அடுத்து ஆம்பளைக்கும் வைக்கலாம் நந்தகோபால். காலம் மாறப்போகுது" என்று உற்சாகமாகச் சொன்னார்.

"குட்டி எந்த வழியா சார் வரும்?"

"வயித்தைக் கீறி நான் எடுப்பேன்."

நந்தகோபால் கிடாவின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குக் குட்டி வேணும்னு அது கேட்டுச்சா சார்?" என்றார்.

டாக்டர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். முதலாளி சிரித்தால் சிரிக்கிற புத்தி எனக்கு அப்போதே உண்டு. நாலாம் நாள் கிடா செத்தது. கொட்டகைக்கு வந்த பதினோரு ஆடுகளில் பத்து அப்படியே போயின. ஒவ்வொன்றையும் நந்தகோபாலே வந்து தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார். கறிக்குக் கொடுக்கவில்லை. பிழைத்தது ஒன்றுதான், காது இரண்டும் கறுத்த பெட்டை. கருங்காதி என்று கூப்பிடுவார். தையல் ஆறியதும் டாக்டர் அதை அவரிடமே கொடுத்து, கிடாவோடு சேர விடச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அவர் தன் மகள் வள்ளித்தாயை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் பெண்சாதி சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

வள்ளித்தாய்க்கு இருபது வயது. கழுகுமலையில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவள் பெரிய மனுஷியே ஆகவில்லை. பதினேழு வயது வரைக்கும் பார்த்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து, ஆனதாகச் சொல்லிச் சடங்கும் சுற்றிவிட்டாள் சுப்புத்தாய். பந்தல் போட்டு, தாய்மாமன் சீரோடு வந்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வரன் வந்தது, கொடுத்தார்கள். கழுகுமலைக்காரர்களுக்கு விஷயம் தெரிய ஒரு வருஷம் பிடித்தது. பங்குனிக்குள் வைத்தியம் பார்த்துச் சரிபண்ணு, இல்லையென்றால் வேறு பெண் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் சோதித்துவிட்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. தேடிய பொருள் கையில் அகப்பட்டதுபோல் ஒரு பரபரப்பு இருந்தது.

"பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை. மத்ததெல்லாம் சரியா இருக்கு. தாயோடது எடுத்து மகளுக்கு வைக்கலாம்."

சுப்புத்தாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என்னுத எடுத்துக்கிடுங்க சார். நாலு பெத்தாச்சு. இனி எனக்கு எதுக்கு அது?" என்றாள்.

"ரெண்டு பேர் உசிருக்கும் ஒண்ணும் ஆகாதே?" என்று நந்தகோபால் கேட்டார்.

"கருங்காதி சினை பிடிச்சா செய்வேன், இல்லேன்னா செய்ய மாட்டேன். அந்த ஆடு சொல்லட்டும்" என்றார் டாக்டர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டுக்காகப் பேச வேண்டிய வாய் நந்தகோபாலுடையது. பதினொன்றில் பத்து செத்ததை அந்த இரண்டு பெண்களிடம் அவர் சொல்லியிருந்தார். "ஒண்ணு பொழச்சிருக்குல்லா" என்றாளாம் வள்ளித்தாய்.

தை மாதம் கருங்காதியின் வயிறு பருத்துவிட்டது என்று தகவல் வந்தது. எங்களிடம் எக்ஸ்ரே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டைக் கொண்டுபோனால் கொட்டகை விஷயம் வெளியே தெரிந்துவிடும். கீறிப் பார்க்கவும் மனசில்லை, இருப்பது ஒன்றுதான். "நந்தகோபால் கையை விட எக்ஸ்ரே என்ன பெரிசா? நீ போய்ச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கைநாட்டு வாங்கிட்டு வா" என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

சைக்கிளில் போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. பருத்திக்காட்டுக்குப் பக்கத்துத் தரிசில் கிடை. வயிற்றுக்கோளாறு என்று சில ஆடுகளை அன்றைக்கு மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்துப் போட்டிருந்தார். கருங்காதியும் அதில் இருந்தது. நான் விறுவிறுவென்று படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"பரமசிவன் அண்ணாச்சி, வாங்க, வெளிய நிழல்ல உக்காந்து பேசுவோம்" என்றார்.

"பேச நேரமில்ல. அமுக்கிப் பாத்துச் சொல்லும். சினையா, இல்லையா?"

அவர் குனிந்து இரண்டு கைகளாலும் ஆட்டின் வயிற்றைத் தாங்கினார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன, நகர்ந்தன, மறுபடி நின்றன. கண்ணை மூடிக்கொண்டார். மற்ற ஆடுகள் அசை போடுவதைக்கூட நிறுத்திவிட்டதாக எனக்குப் பட்டது. வெயிலாக இருக்கும்.

"வெளிய போவமா அண்ணாச்சி?"

"இங்கனயே சொல்லும்யா. ஒரு வார்த்தை. சினையா?"

அவர் சுற்றி நின்ற ஆடுகளைப் பார்த்தார். பிறகு, "ஆமா. சினைதான்" என்றார்.

'கருங்காதி சினை உறுதி. சோதித்தவர் நந்தகோபால்' என்று எழுதி, அவர் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி ஒற்றிக்கொண்டேன். விரலைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். மை பிசகிவிடப் போகிறதே என்று எரிச்சல்தான் வந்தது எனக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதை ஏறியதும் பின்னால் அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். படலுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். எதிர்காற்று, ஒன்றும் காதில் விழவில்லை. வழியனுப்புகிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டிவிட்டு மிதித்தேன். மடையன்.

அன்று சாயங்காலமே டாக்டர் ஆள் அனுப்பி, கழுகுமலையில் இருந்த மகளையும் ஊரில் இருந்த தாயையும் கூட்டிவந்து சேர்த்துவிட்டார். இரண்டு கட்டில், பக்கத்தில் பக்கத்தில். இங்கிலீஷில் அடித்த காகிதத்தில் இருவரும் கைநாட்டு வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நந்தகோபால் வந்தார். நடந்தே வந்திருப்பார் போலிருக்கிறது, முழங்கால் வரைக்கும் புழுதி.

"சார், அது சினையில்ல. வயித்துல உசிரு இல்ல. தண்ணி கட்டியிருக்கு."

டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். "இது யார் ரேகை?"

"என்னுதுதான். அது கிடைக்குள்ள வச்சுச் சொன்னது சார். உள்ள வச்சு இல்லைன்னு சொல்லக் கூடாது."

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? பெண்சாதியை நினைச்சுப் பயம் வந்துட்டுது உமக்கு. போய் உட்காரும்."

அவர் கட்டிலண்டை போய் மகளிடம் சொன்னார். வள்ளித்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "அம்மையக் காப்பாத்த எங்கிட்டப் பொய் சொல்லுதீயளா அய்யா? நான் அங்கன வேலைக்காரியாக் கெடக்கணுமா?" என்றாள். சுப்புத்தாய் அதைவிட மோசமாகப் பேசினாள். "எடுக்கப் போறது என் வயித்துல இருந்து. உமக்கென்ன வந்துச்சு?" என்றாள்.

அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை ஆபரேஷன். கத்திகளையெல்லாம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், கருங்காதியைத் தோளில் போட்டுக்கொண்டு நந்தகோபால் நிற்கிறார். இடுப்பில் கத்தி.

"எம் மகளைக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

அவர்கள் குடும்பத்தில் சினை ஆட்டை அறுத்தவன் கிடையாது. சினை என்று தன் வாயால் சொன்ன ஆட்டை அறுப்பது அதைவிடப் பெரிய பாவம். அவர் கை சொன்னது தவறாக இருந்து உள்ளே குட்டி இருந்துவிட்டால், அவர் மறுபடி கிடைக்குள் கால் வைக்க முடியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் போய் வள்ளித்தாயை அழைத்து வந்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"எங் கை தப்புன்னாலும் இப்பத் தெரிஞ்சிரும்மா. கண்ண மூடாமப் பாரு" என்றார்.

கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். ஆட்டின் காதில் ஏதோ சொன்னார். பிறகு அறுத்தார். துடிப்பு அடங்கியதும் வயிற்றைக் கீறி, அந்த வீங்கிய பையை வெளியே இழுத்து வைத்து அதையும் கீறினார். குட்டி இல்லை. எலும்பு இல்லை, மயிர் இல்லை. பழுத்துக் கறுத்த தண்ணீர் குபுக்கென்று கொட்டிச் சிமெண்டுத் தரையில் ஓடி வள்ளித்தாயின் கால்விரல்களை நனைத்தது. அந்த நாற்றம் இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. பை ஒட்டியிருந்த இடமெல்லாம் அழுகிப்போயிருந்தது. ஆடு நின்றதும் மேய்ந்ததும் எப்படி என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

வள்ளித்தாய் காலை எடுக்கவில்லை. குனிந்து அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"அம்மா, எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

டாக்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மனுஷ உடம்பு வேறு, மெட்ராஸிலிருந்து புது மருந்து வருகிறது, ஒரு ஆட்டை வைத்து முடிவு பண்ணலாமா என்றார். அதுவரை அந்த ஒரு ஆட்டை வைத்துத்தான் அவர் முடிவு பண்ணியிருந்தார். மூன்று பேரும் வாசல் வழியாகப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சுப்புத்தாய்தான் அழுதுகொண்டே போனாள்.

பங்குனியில் கழுகுமலையில் மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணம் நடந்தது. வள்ளித்தாய் அப்பனோடு கிடைக்கு வந்துவிட்டாள். சுப்புத்தாய் புருஷனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

டாக்டர் அந்த வருஷக் கடைசியில் ஊரைக் காலி செய்தார். வடக்கே பெரிய ஊர் ஒன்றில் வசதியான இடம் கிடைத்திருந்தது. கொட்டகைக் காகிதங்களைக் கட்டச் சொன்னார். கட்டினேன். கருங்காதி செத்ததை அதில் யாரும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கட்டுக்குள் கடைசியாக இருந்தது நான் எழுதிய சீட்டுதான், 'சினை உறுதி', நந்தகோபாலின் ரேகையோடு. எடுத்துக் கிழித்திருக்கலாம், டாக்டர் அந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றார். நமக்கு எதற்கு வம்பு என்று கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறையாவது நந்தகோபாலைப் பார்க்கப் போவேன். ஒவ்வொரு தடவையும், கிடைக்குள் நின்று ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே கேட்பார். "அண்ணாச்சி, அந்தச் சீட்டைக் கிழிச்சாச்சுல்லா?"

"கிழிச்சாச்சு" என்பேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

எண்பத்தெட்டு மாசியில் போனபோதும் கிடைக்குள் இருந்தார். உள்ளே வள்ளித்தாய், தாய் செத்த குட்டி ஒன்றை மடியில் போட்டுப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துப் படலைத் தாண்டிக் கூட்டிவந்து, வெடித்துக் கிடந்த கரிசலில் பத்தடி நடந்து நின்றார்.

"இங்கன வச்சுக் கேக்கேன். அந்தச் சீட்டு எங்க?"

அந்த இடத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "டாக்டர்கிட்ட இருக்கு. நான் கிழிக்கல" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் பெருவிரலை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப வடக்க எங்கனயோ ஒரு தாயும் மகளும் என் கையை நம்பி அவரு கட்டில்ல படுத்திருப்பாவ" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்ப் படலை இழுத்துக் கட்டிக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை.