சுற்றிவளைப்புக்கு நான் எழுதிய விளக்கம்

துருக்கியரிடம் உள்ள ஓர் இணைய அகராதியைப் போல, எவரும் புனைபெயரில் சொற்களுக்கு விளக்கம் எழுதும் தமிழ் இணைய அகராதி ஒன்றில் போர்க்காலத்தில் நானும் எழுதிவந்தேன். ‘சுற்றிவளைப்பு’ என்ற சொல்லுக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் இராணுவமும் பொலிஸும் வளைத்துத் தேடும்போது எங்கள் மாடிக் கட்டட இளைஞர்கள் எந்தப் பின்கதவால் கடற்கரைக்கு இறங்குவார்கள் என்பதுவரை நுணுக்கமாக எழுதினேன். பலர் பாராட்டினார்கள்.

மறுநாள் கீழ்வீட்டு யோகம் அக்கா படியில் மறித்தார். கொழும்பில் தங்கத் தேவையான பொலிஸ் பதிவு அவருடைய மகனுக்கு இன்னும் கிடைக்கவில்லை; அது இல்லாமல் அகப்பட்டால் கைதுதான்.

“மகன் காட்டினவன், தம்பி. யாரோ ஒரு விசரன் எங்கட பின்கதவை இன்டர்நெட்டில எழுதியிருக்கிறான். இனி என்ர பிள்ளை எதால ஓடுறது?”

“ஆரெண்டு தெரியேல்ல, அக்கா” என்றேன். மேலே ஓடிப்போய் விளக்கத்தை அழித்தேன்.

அடுத்த சுற்றிவளைப்பில் அவன் அந்தக் கதவாலேயே தப்பினான். அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. இப்போது ஓர் இடத்தைப் பற்றி எழுதுமுன், அங்கே யார் ஒளிந்திருக்கக்கூடும் என்று யோசிக்கிறேன்.