ஒரே கை எழுதிய மூன்று சிபாரிசுக் கடிதங்கள்

1. ஃபார்மட்

திருவனந்தபுரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பரண்டாக ஓய்வு பெற்றேன். என் டைப்பிங்கில் பிழை கண்டுபிடித்தவர் அங்கே ஒருவரும் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அப்பேர்ப்பட்ட என் கையால்தான் ஒரு டாக்டரின் விண்ணப்பம் கெட்டது. ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் டாக்டர் கல்யாணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கரமனை அக்ரஹாரத்துப் பெண். எங்கள் காலேஜில் பி.டி.எஸ். முடித்து, கரமனையிலேயே ஒரு கிளினிக்கில் பத்து வருடமாகப் பல் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவருக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு மாற்றியது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதென்று மகனையும் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். இவள் மட்டும் போகவில்லை. இங்கே வாங்கிய பி.டி.எஸ். அங்கே செல்லாது. அங்குள்ள காலேஜில் மறுபடி இரண்டு மூன்று வருடம் படித்தால்தான் ஒரு பல்லைத் தொட விடுவார்கள். அந்த சீட்டுக்காக எட்டு காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். எட்டிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றிலாவது இண்டர்வியூவுக்குக் கூப்பிட வேண்டுமே, அதுவும் இல்லை.

"சேச்சி, என்ன குறைன்னு ஒரு காலேஜுக்கு மெயில் போட்டுக் கேட்டேன். பதில் வந்திருக்கு, பாருங்கோ" என்று போனை நீட்டினாள். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் இந்த ஊரில் எல்லோருக்கும் நான் சேச்சிதான்.

படித்தேன். மார்க்கில் குறை இல்லையாம். ஆனால் மூன்று சிபாரிசுக் கடிதங்களும் ஒரே ஆள் எழுதியவை போல இருக்கின்றனவாம். மூன்றையும் படித்த பிறகும் இவர் எப்படிப்பட்ட டாக்டர் என்று தங்களுக்குத் தெரியவில்லையாம்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரே ஆள் நான்.

எங்கள் வழக்கம் அப்படி. மாணவர்கள் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போனால் புரொபசர்கள், "நீயே எழுதிக் கொண்டு வா, ஒப்பு போட்டுத் தரேன்" என்பார்கள். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. மாணவர்கள் நேரே என்னிடம் வருவார்கள். என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபார்மட் இருந்தது. சின்சியர், ஹார்ட் வொர்க்கிங், பங்க்சுவல், நல்ல குணம். பெயரை மாற்றி, வரிகளை முன்னே பின்னே போட்டால் மூன்று புரொபசருக்கு மூன்று கடிதம் தயார். அவர்களுடைய மெயில் பாஸ்வேர்டும் என்னிடம்தான். அனுப்புவதும் நானே. இருபது வருடமாக ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒருவரும் அதைப் படித்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

"இன்னொரு தடவை விண்ணப்பம் போடப்போறேன். அதுலயும் கிடைக்கலேன்னா, டாக்டர்ங்கறதை இங்கேயே இறக்கி வெச்சுட்டுப் போயிடுவேன் சேச்சி. கொழந்தையை விட்டுட்டு இன்னொரு வருஷம் என்னால இருக்க முடியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

"டாக்டரே, இது உங்க குத்தமில்ல. என் குத்தமாக்கும்" என்றேன்.

2. தாமஸ் சாரின் டிக்டேஷன்

விண்ணப்பத்தின் மற்ற பாகங்களை அவள் பார்த்துக்கொண்டாள். தன்னைப் பற்றிய கட்டுரையைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினாள். கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத நேரமெல்லாம் மாடல் பல்லை வைத்து டிரில் பிடித்துப் பழகினாள். கடிதங்களை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"கடிதத்த நீங்க பாக்கப்பிடாது."

"பாக்காம எப்படி சேச்சி? ஏதாவது குறையா எழுதிட்டா?"

"எழுதட்டும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நன்னாருக்கே நீங்க சொல்றது! போனா என் சீட்டுன்னா போறது. உங்களுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்த சாயாவைத் தொடாமல் போய்விட்டாள். மூன்று நாள் போன் இல்லை. எனக்கும் ரோஷம், நானும் கூப்பிடவில்லை. நாலாம் நாள், "சரி சேச்சி, உங்க இஷ்டம்" என்று மெசேஜ் வந்தது.

தாமஸ் சார் பல்செட் கட்டும் டிபார்ட்மெண்டுக்கு ஹெச்.ஓ.டி. என்னோடு அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும். போய் நின்று கல்யாணி பெயரைச் சொன்னதுமே, "பகவதியம்மே, பழைய ஃபார்மட் உண்டல்லோ? அதைப் போடு, ஒப்பிட்டுத் தராம்" என்றார்.

"ஃபார்மட் அழிஞ்சு போச்சு சார். நீங்க சொல்லுங்க, நான் எடுத்துக்கிடுதேன்." ஷார்ட்ஹேண்ட் நோட்டோடுதான் போயிருந்தேன்.

"எனக்கு ஓர்மையில்ல. பத்து வருஷம் ஆயில்லே? எத்தனை பிள்ளைகள்!"

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். கல்யாணி படித்த வருடத்து ஓ.பி. ரிஜிஸ்டரை ரெக்கார்டு ரூமிலிருந்து தூசி தட்டி எடுத்து வந்திருந்தேன். அடையாளம் வைத்த பக்கங்களைத் திறந்து காட்டினேன். பேபி, மீன் வியாபாரம், முழு பல்செட், ஸ்டூடண்ட் பெயர் கல்யாணி. சாதாரணமாக ஐந்தாறு தடவை வந்தால் பல்செட் முடிந்துவிடும். இந்த அம்மா பதினொரு தடவை வந்திருந்தாள்.

சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், வெளியே நின்ற அட்டெண்டர் எட்டிப் பார்த்தான்.

"ஓ! மீனு கூவிய கேஸ்!"

விஷயம் இதுதான். பல்செட் பேபிக்குக் கச்சிதமாகத்தான் பொருந்தியது. சாப்பிட முடிந்தது, பேச முடிந்தது. ஆனால் தெருவில் நின்று கூவினால் மேல் செட் கழன்று விழுந்தது. கூவாமல் மீன் விற்பது எப்படி? கல்யாணி என்ன செய்தாள் தெரியுமா? அந்த அம்மாவை வராந்தாவில் நிறுத்தி, தொண்டை கிழியக் கூவச் சொன்னாள். "மீன் வேணோ, மீனேய்!" என்று டிபார்ட்மெண்டே அதிர்ந்தது. தாமஸ் சார் வெளியே ஓடிவந்து, இது காலேஜா சந்தையா என்று எல்லோர் முன்னாலும் கல்யாணியைக் கிழித்துவிட்டார்.

"மறுநாளும் அவள் விடல்ல. ஜெனரேட்டர் ரூமின் பின்னால் கொண்டுபோய்க் கூவ வைத்தாள்" என்றார் சார். "கூவும்போது எங்கே லூசாகுதுன்னு பார்த்துப் பார்த்துச் சரியாக்கினாள். பதினொண்ணாவது தடவை செட் விழல்ல."

என் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க திட்டினதையும் எழுதட்டா சார்?"

சார் ரிஜிஸ்டரை மூடினார். "எழுது. திட்டினது என் தப்புன்னும் எழுது" என்றார்.

டைப் செய்து கொடுத்தேன். இரண்டு வார்த்தை மாற்றினார். மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே அனுப்புங்க சார்." ஒரு ஹெச்.ஓ.டி. தன் கையால் ஒரு கடிதத்தை அனுப்பி என் சர்வீசில் அன்றுதான் பார்த்தேன்.

3. போனக்காட்டு சிஸ்டர்

போன தடவை இரண்டாவது கடிதம் பெரிய பதவியில் இருந்த ஒரு புரொபசர் பெயரில் போயிருந்தது. அவர் கல்யாணியை நேரில் பார்த்ததுகூட இல்லை. அதை வேண்டாம் என்றேன்.

"உங்க வேலையக் கண்ணால கண்டது யாரு டாக்டரே?"

யோசித்தாள். "போனக்காட்டு சிஸ்டர்தான். மாசம் ஒரு தடவை அங்க கேம்புக்குப் போவேன். நாலு வருஷமாச்சு. ஆனா அவா வெறும் நர்ஸ் சேச்சி."

போனக்காடு மலைமேல் இருக்கும் தேயிலை எஸ்டேட். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தமிழ் பேசும் டாக்டர் என்றால் அவர்களுக்குத் தனி சமாதானம். நாலு வருடம் மலை ஏறி இறங்கியிருக்கிறாள், விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், "சும்மா போயிட்டு வர்றதுதானே, அதையும் எழுதுவாளா?" என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வெறும் நர்ஸாவது, சும்மாவாவது! நல்லா இருக்கு உங்க கணக்கு!" என்று திட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

சிஸ்டர் செல்வராணி எஸ்டேட் குடும்பத்தில் பிறந்தவள். விஷயத்தைச் சொன்னதும் மிரண்டாள். "நான் என்னத்தம்மா சொல்ல? இங்கிலீசெல்லாம் நமக்கு வராது."

"தமிழ்ல சொல்லுங்க. இங்கிலீஷ் என் பாடு."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "காலைல இங்க குளிரு கொல்லும்மா. டாக்டரம்மா வாய்க்குள்ள விட்டுப் பாக்குற அந்தச் சின்னக் கண்ணாடி இருக்குல்லா, அத ஒவ்வொருத்தருக்கும் வெந்நில முக்கித்தான் வாயில வைப்பாங்க. ஏம்மான்னு ஒருநா கேட்டேன். சில்லுனு பட்டா பயந்துருவாங்க, பயந்தவங்க அடுத்த மாசம் வரமாட்டாங்கன்னு சொன்னாங்க. இதெல்லாம் எழுதுற விசயமாம்மா?"

"இதுதான் விசயம்" என்றேன். எழுதியதை வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தலையாட்டினாள். அவளுடைய போனிலிருந்து அவளே அனுப்பினாள்.

மூன்றாவது கடிதத்தை, அவள் வேலை பார்த்த கரமனை கிளினிக்கின் பெரிய டாக்டர் தானே எழுதி அனுப்பினார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

4. முதல் கேள்வி

அப்புறம் நாலைந்து மாதம் அவளைவிட நான்தான் தவித்தேன். திட்டு வாங்கியதையும் வெந்நீரையும் எழுதி ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடிவிட்டேனோ என்று சாப்பிடும்போதுகூட நினைப்பு. ஒரு நாள் லீவ் ரிஜிஸ்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சேச்சி! இண்டர்வியூ ஆச்சு! மூணு பேர் வீடியோவில வந்தா. முதல் கேள்வியே என்ன கேட்டா தெரியுமோ? மீன் விக்கற அந்த அம்மா எப்படிக் கூவினான்னு கேக்கறா! தாமஸ் சார் அதை எழுதினாரா? நீங்கதானே டைப் பண்ணினேள்?"

"நான் ஒண்ணும் அறியேன் டாக்டரே" என்றேன். ஆபீஸ் ரகசியம் ஆபீஸ் ரகசியம்தான். "நீங்க என்ன பதில் சொன்னிய?"

"பதில் என்ன சொல்றது? கூவிக் காட்டினேன்."

மீன் பக்கமே போகாத அக்ரஹாரத்துப் பெண், அமெரிக்கப் புரொபசர்கள் மூன்று பேருக்கு முன்னால், கரமனை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "மீன் வேணோ, மீனேய்!" என்று கூவியிருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமி பதறி ஓடிவந்தாளாம். நான் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பினால் வந்தது மட்டும் இல்லை அது.

இரண்டு வாரத்தில் சீட்டு கிடைத்தது. இப்போது அவள் மகனோடு இருக்கிறாள், படிக்கிறாள். அவளுடைய சாமர்த்தியம் அது. ஆனாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். சொல்லாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஃபார்மட் அழிந்து போச்சு என்று தாமஸ் சாரிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அது என் கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருந்தது. இருபது வருடப் பழக்கம், மனசு வரவில்லை. சீட்டு கிடைத்த செய்தி வந்த அன்று அதைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படித்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஒரு கமாகூட இடம் மாறியிருக்கவில்லை. அதில் ஆள்தான் யாரும் இல்லை.

அழித்துவிட்டு, லீவ் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டேன்.